அக்காவின் சவப்பெட்டியும் தங்கச்சியின் புளியமரமும்

ஒரே முதலாளியின் இரண்டு கடைகளுக்கு ஒரே ஆள் டிக்கெட் விற்றால், ஒன்றைப் புகழ வாயைத் திறக்கும்போதே இன்னொன்றைத் திட்டியதாகிவிடும். இதுதான் எங்கள் தொழில். இரண்டு கிளை உள்ள புடவைக்கடையில் வேலை பார்த்தவர்களுக்கும், இரண்டு மருமகள்கள் சமைக்கிற வீட்டில் “இன்னிக்கு சாம்பார் பிரமாதம்” என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கும் என் கஷ்டம் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், தி.நகரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில்தான் எங்கள் புக்கிங் ஆபீஸ். பள்ளிக்கூடம், பேங்க், மாதர் சங்கம் என்று ஆட்களைக் கூட்டமாகப் பிடித்துத் தீம் பார்க்குக்கு அனுப்புவது என் வேலை. பல நாள் நானும் அவர்களோடு வேனில் போவேன். பாலவாக்கம் தாண்டிக் கடலோரமாக இருந்தது மூத்த பூங்கா. செங்கல்பட்டுப் போகிற வழியில் ஒரு பொட்டலில் இருந்தது இளையது. ஆபீஸில் நாங்கள் அவற்றை ‘அக்கா’, ‘தங்கச்சி’ என்றுதான் சொல்வோம்.

இரண்டிலும் சுற்றுகிற, ஆட்டுகிற, குலுக்குகிற இயந்திரங்கள் அச்சு அசல் ஒன்றே. ஜோடி ஜோடியாக வாங்கியவை. வித்தியாசமெல்லாம் ஜோடனையில்தான். அக்காவை வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கட்டினார்கள்: வெள்ளைக்காரக் கோட்டை, கொள்ளைக்காரர் கப்பல், பேய் வீட்டுக்குள் சவப்பெட்டி. தங்கச்சியின் முறை வரும்போது முதலாளிக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. கோபுரத்துக்குச் சுதைப் பொம்மை செய்கிறவர்களையும் சினிமா பேனர் வரைகிறவர்களையும் கூப்பிட்டு, “நீங்களே பார்த்துச் செய்யுங்க” என்று விட்டுவிட்டார். அவர்கள் கப்பலுக்குப் புலிக்கொடி கட்டிச் சோழர் கப்பல் ஆக்கினார்கள். பேய் வீட்டுக்குள் சிமெண்டில் ஒரு புளியமரம் வைத்தார்கள்.

போனில் ஒரு மாமி

எங்கள் மேனேஜர் சேஷாத்ரி சார் எனக்குக் கொடுத்திருந்த கட்டளை ஒன்றே ஒன்று: எது நன்றாக இருக்கும் என்று யார் கேட்டாலும் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்ல வேண்டும். சேர்ந்த முதல் வாரமே மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். மாதர் சங்கத்து மாமிகள் ஒரு வேன் நிறைய வரப்போகிறார்கள். எந்தப் பூங்காவுக்கு வரலாம்?

நான் பாடம் ஒப்பித்தேன். “ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி மாமி. ரெண்டும் ஒண்ணுதான். எங்க வேணா போங்க.” மாமி மிகவும் நிதானமாகக் கேட்டார்:

“ஏம்மா, உங்காத்துல பொண்ணு பாக்க வந்தவா கிட்டயும், ‘ரெண்டும் ஒண்ணுதான், எதை வேணா பாருங்கோ’ன்னு இப்படித்தான் சொல்லுவேளா?”

கல்லறையில் ஒரு குறை

எங்கள் வீடு சாந்தோம். என் வேலை தெரிந்ததும் பங்குக் கோயில் மரியாயின் சேனைப் பெண்கள் எல்லோரும் ஒருநாள் உல்லாசப் பயணம் போக வேண்டும் என்றார்கள். கடற்காற்று வாங்கலாமே என்று அக்காவுக்கு அழைத்துப் போனேன். தலைவி பிலோமினா டீச்சர். எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர்.

அக்காவின் பேய் வீடு நிஜமாகவே செலவு செய்து கட்டியது. இருட்டு, புகை, எங்கோ ஓநாய் ஊளை. நடுவில் ஒரு சவப்பெட்டி. கிட்டே போனால் மூடி கிறீச்சென்று திறந்து, கோரைப் பல்லோடு ஒரு வெள்ளைக்காரப் பேய் எழுந்து உட்காரும். எழுந்து உட்கார்ந்தது. எங்கள் பெண்கள் யாரும் கத்தவில்லை. வட்டமாக நின்று அதையே பார்த்தார்கள். ஒருவர் சிலுவைக் குறி போட்டு முணுமுணுவென்று ஜெபமே ஆரம்பித்துவிட்டார். பேய் படுத்தது, மறுபடி எழுந்தது, மறுபடி படுத்தது. பின்னால் வந்த கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் இவர்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

“ஒரு பூகூட வைக்காம விட்டிருக்கீங்களே ஸ்டெல்லா, பாவம், யார் பெத்த பிள்ளையோ!”

சிங்கப்பூர் இங்கேதான்

அக்காவைக் குறை சொல்லவே வழியில்லாத விஷயம் அவளுடைய கோட்டை. போட்டோவில் பிரமாதமாக விழும். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஆபீசுக்கு வந்தது. மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டே, ஊஞ்சல், ராட்டினம் எதிலும் ஏறப்போவதில்லை, கோட்டை முன்னால் நிற்க மட்டும் அனுமதி கிடைக்குமா என்று கேட்டார். ஃபாரின் என்றாலே குளிர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், பெண் ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தாள். மே மாதம்.

சனிக்கிழமை அவர்கள் போனபோது நானும் அங்கே இருந்தேன். கோட்டை வாசலில் இருவரும் வியர்த்து வடிந்துகொண்டு சிரித்தார்கள். பூங்கா போட்டோகிராபர் குந்தினார், எழுந்தார், இடம் மாற்றினார். மாப்பிள்ளைக்குத் திருப்தியே இல்லை. கடைசியில் போட்டோகிராபரைத் தனியே கூப்பிட்டு ரகசியத்தை உடைத்தார்:

“அமெரிக்காவுல இருக்கிற என் அண்ணன் இதை சிங்கப்பூர் ஹனிமூன்னு நம்பணும் சார், அந்த இளநீர் வண்டியை மட்டும் எப்படியாவது மறைச்சுடுங்க.”

கொஞ்சம் சுண்ணாம்பு

தங்கச்சியின் பேய் வீட்டில் மோட்டார் கிடையாது. ஆள்தான். கோட்டூர்புரத்துச் செல்வி வெள்ளைப் புடவை கட்டி, தலையை விரித்துப்போட்டுக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் நிற்பாள். கத்த மாட்டாள், பாய மாட்டாள். கூட்டத்தில் கடைசியாக வருகிறவரின் காதருகே போய், மெதுவாக, “வெத்தலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?” என்று கேட்பாள். அவ்வளவுதான்.

அடையாறிலிருந்து ஒரு பேங்க்காரர்கள் கூட்டம் வந்தது. அவர்களில் ஒரு பெரிய அதிகாரி, முந்தின மாதம் அக்காவின் பேய் வீட்டுக்குள் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே போய் வந்தவர். “மேடம், இதெல்லாம் எனக்கு ஜுஜுபி” என்று வாசலில் என்னிடம் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக உள்ளே போனார். முதல் ஆளாக வெளியே வந்தார். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

“அந்த சவப்பெட்டிக்குப் பயப்படாதவர் ஆச்சே சார் நீங்க?” என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

“வெள்ளைக்காரப் பேய்க்கு எங்க வீடு தெரியாது மேடம், இவளுக்குத் தெரியும்.”

டபரா

சுற்றுகிற கோப்பை ராட்டினம் இரண்டு இடத்திலும் உண்டு. அக்காவிடம் பூப்போட்ட பீங்கான் கப். தங்கச்சியிடம், பேனர் வரைகிறவர்களின் புண்ணியத்தில், அது பளபளக்கும் பித்தளை டபரா. நடுவில் பிடித்துத் திருப்புகிற சக்கரத்தின் மேல் ஒரு டம்ளர் நிற்கும்.

மயிலாப்பூர் சபாவில் மிருதங்கம் வாசிக்கிற ஒரு மாமா பேரக்குழந்தைகளோடு வந்திருந்தார். அக்காவின் கப்பில் ஏறவே மாட்டேன் என்று முன்பு ஒருமுறை சண்டை போட்டவர். டபராவைப் பார்த்ததும் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ராட்டினம் வேகம் எடுத்தது. மாமாவின் அங்கவஸ்திரம் பறந்து அடுத்த டபராவில் இருந்த ஒரு காலேஜ் பெண் மேல் விழுந்தது. நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடியே, ராட்டினத்தை இயக்குகிறவரிடம் சொன்னார்:

“காபி சூடா இருந்தா ஆத்தறது வழக்கம், நீ என்னடா மனுஷாளையே ஆத்தறே!”

கண்ணை மூடி நின்ற அம்மா

நங்கநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் சின்னப் பெண் ஒருத்தி, செல்வியைப் பார்க்கவேயில்லை. புளியமரத்தைப் பார்த்தே அழுதுவிட்டாள். ராத்திரி தூக்கத்தில் உளறுவாளே என்று அம்மாவுக்குக் கவலை. வெளியே வந்தவர் கடைக்குப் போய், மஞ்சள் துணி ஒரு முழமும் குங்குமப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். சிமெண்ட் மரத்துக்குப் பொட்டு வைத்தார். துணியைக் கட்டினார். கைகூப்பி நின்றார்.

மரத்துக்குப் பின்னால் செல்வி. தலையை விரித்துப்போட்டது விரித்தபடி, முன்னால் வரவும் முடியாமல் பின்னால் போகவும் முடியாமல் நின்றாள். பக்கவாட்டுக் கதவு வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டிக் கூப்பிட்டாள். கிட்டே போனதும் கிசுகிசுத்தாள்:

“அந்தம்மா கண்ண மூடிக்கினு நிக்குது ஸ்டெல்லாக்கா, பயமுறுத்தவா, ஆசீர்வாதம் பண்ணவா, நீயே சொல்லு!”

பம்பாயிலிருந்து வந்த யோசனை

அந்த வருஷம் முதலாளி பம்பாயிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். டை கட்டிய மனிதர். இரண்டு பூங்காவையும் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். சோழர் கப்பல், டபரா, புளியமரம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். தங்கச்சிக்கும் கோட்டை, தங்கச்சிக்கும் சவப்பெட்டி. மோட்டார் வந்துவிட்டால் ஆள் தேவையில்லை.

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். முதலாளி என் பக்கம் திரும்பி, “ஜனங்களோட போறவங்க நீங்கதான். எது நல்லா இருக்கு?” என்று கேட்டார். சேஷாத்ரி சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று சொல்லியிருக்கலாம். என்னவோ, செல்வியின் முகம் நினைவுக்கு வந்தது. “தங்கச்சிதான் சார். அக்காவைப் பார்த்தவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. தங்கச்சிகிட்ட பயந்தவங்க, அடுத்த வாரம் மச்சானையும் பயமுறுத்தணும்னு கூட்டிக்கிட்டு வராங்க” என்றேன். முதலாளி சிரித்தார். ஆனால், காண்ட்ராக்ட் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டார்.

செல்வியின் சம்பளத்தில்தான் அவள் அம்மாவும், பாலிடெக்னிக்கில் படிக்கிற தம்பியும் இருந்தார்கள். நான் சொல்வதற்கு முன்பே விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று தங்கச்சியிலிருந்து திரும்பி வருகிற வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாம்பரம் வந்ததும் சொன்னாள்:

“மோட்டாருக்கு இன்னா தெரியும் ஸ்டெல்லாக்கா, எந்தக் கொழந்த நெஜமாவே அழப்போவுதுன்னு? நான்னா அதப் பாத்ததும் சும்மா நின்னுடுவேன்.”

கடப்பாரையோடு வந்தவர்

மரத்தை இடிக்க ஏகாம்பரம் மேஸ்திரி ஆட்களோடு வந்தார். நானும் சேஷாத்ரி சாரும் மேற்பார்வை. விளக்கைப் போட்டதும் மேஸ்திரி வாசலிலேயே நின்றுவிட்டார். நங்கநல்லூர் அம்மா கட்டிய ஒரு துணியைப் பார்த்து, அடுத்தடுத்து வந்தவர்களும் கட்டியிருந்தார்கள். மரம் முழுக்க மஞ்சள். அடியில் குங்குமம், எலுமிச்சம்பழம், யாரோ ஏற்றிய கற்பூரத்தின் கரி. மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

சேஷாத்ரி சார் தைரியமாக, “இது சிமெண்ட் மரம்தானப்பா, நீ பாட்டுக்கு இடி” என்றார். சொன்னவர் தன்னுடைய செருப்பை எப்போது கழற்றினார் என்று நான் கவனிக்கவில்லை, வெறுங்காலோடுதான் நின்றார். மேஸ்திரி வேறு எந்த வேலையும் செய்வதாகவும், இதை மட்டும் செய்வதற்கில்லை என்றும் பணிவாகச் சொன்னார். அடுத்த வாரம் வந்த வேறொரு மேஸ்திரியும் அதையே சொன்னார். ஏகாம்பரம் சொன்ன காரணம் இதுதான்:

“மரம் சிமெண்டுன்னு எனக்கும் தெரியும் சாமி, ஆனா துணி சிமெண்டு இல்லையே.”

முதலாளியின் முடிவு

கடைசியில் முதலாளியே நேரில் வந்தார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். ஆலோசகரைப் பம்பாய்க்கு வழியனுப்பிவிட்டார். தங்கச்சி அப்படியே இருக்கட்டும். சவப்பெட்டியை எடுத்துவிட்டு அக்காவுக்கும் ஒரு புளியமரம் வைக்கலாம் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, கேன்டீனுக்குப் போய் எல்லோருக்கும் போண்டா சொன்னேன்.

முதலாளியின் யோசனை அதோடு நிற்கவில்லை. செல்வியையே இரண்டு பூங்காவையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு அக்காவுக்கென்று செல்வியின் சித்தி மகளைத் தனியாக வேலைக்கு எடுத்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அன்று போண்டாவும் கையுமாக முதலாளி முகத்துக்கு நேரே செல்வி கேட்ட கேள்விதான்:

“ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்க நான் இன்னா சார், நெஜப் பேயா?”

சென்ட், வாட்ச், சாக்லேட் என்று எதை எடுத்தாலும் ‘ஃபாரின்’ ஆனால்தான் மதிப்பு என்று நம் ஜனங்கள் இருந்த அந்தக் காலத்திலும், பயப்படுவதற்கு மட்டும் அவர்கள் உள்ளூர்ச் சரக்கைத்தான் நம்பினார்கள்.