கிராவல் கரையில் காந்திமதி

இருபத்திரண்டு வயது வரை காந்திமதிக்குச் சைக்கிளின் கேரியரில் உட்காரத்தான் தெரியும். திருநெல்வேலிப் பக்கம் அவள் பிறந்த ஊரில் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். கல்யாணம் ஆனால் இறங்கிவிடுவார்கள். காந்திமதி வீட்டில் சைக்கிளே கிடையாது. அதனால் அவள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

2002 தை மாதம் மாசானத்தைக் கட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தாள். கார்களுக்கு சீட் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் அவன் வெல்டர். ஒரகடம் போகும் ரோட்டை ஒட்டி கங்கம்மாள் என்ற உள்ளூர்க்காரர் வரிசையாக ஐந்து அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அதில் நான்காவதில் குடித்தனம். ஒரே அறை, மூலையில் அடுப்பு, வெளியே எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். மாசானம் ஷிப்டுக்குப் போய்விட்டால் காந்திமதி வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பாள். நீலச் சட்டை போட்ட கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே சைக்கிள் மிதித்துப் போவார்கள். ஒருத்தி ஒரு கையால் கொய்யாப்பழம் தின்றுகொண்டே மிதித்ததை அன்று ராத்திரி புருஷனிடம் ஒரு அதிசயம்போலச் சொன்னாள்.

“உனக்கும் ஓட்டணுமோ?” என்றான் மாசானம்.

“எனக்கு எதுக்கு?”

“விழுந்து பல்லு போச்சுன்னா உங்க அம்ம என்கிட்டல்லா பல்லு கேப்பா.”

கேலியோடு விட்டுவிடவில்லை. பயிற்சிக்காலம் முடிந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமிருந்து, சிவப்பு நிற லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கூடை நசுங்கியிருந்தது. பெல் இல்லை. அதைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சீட்டைத் தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

ஏரிக்கு வரத்து கொண்டுவரும் கால்வாய் அது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சரியான மழை இல்லாததால் அடித்தரை வெடித்துக் கிடந்தது. லாரி போக வர வசதியாகக் கரையின் மேல் கிராவல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் தரிசாய்க் கிடந்த நெல்வயல்கள், மறுபக்கம் சிப்காட் எடுத்துக்கொண்ட காலி மனைகள். கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு ஒரு மேடு கிடையாது. கம்பெனிகளின் வெள்ளைத் தகரக் கூரைகள் தட்டையாய்த் தெரியும். ஒரு கம்பெனி தன் வேலிக்குள்ளே புல்தரை போட்டு, கொன்றை வைத்து, பூங்கா மாதிரி வளர்த்திருந்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் காலையில் தண்ணீர் சுழன்று சுழன்று பீச்சும்.

முதல் மூன்று வாரம் விழுந்தாள். கிராவலில் விழுந்தால் சிராய்ப்பில் பொடிக்கல் ஒட்டிக்கொள்ளும். மாசானம் துண்டை நனைத்து ஒவ்வொன்றாக எடுப்பான். நான்காவது வாரம், “புடிச்சிருக்கீங்களா? புடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே மதகு வரைக்கும் போய்விட்டாள். பதில் வெகு தூரத்திலிருந்து வந்தது. “எப்பவோ விட்டாச்சுட்டி!”

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் சைக்கிள்தான். ஷிப்ட் எதுவானாலும், ஓ.டி. கூப்பிட்டாலும், ஞாயிறு காலை ஆறு மணிக்கு இரண்டு சைக்கிளும் கரையேறிவிடும். மதகைத் தாண்டி, தைலமரக் கன்றுகள் வைத்த காலி மனைகளைச் சுற்றிக்கொண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவார்கள். சாமி கும்பிட்டு, வெளியே கடையில் இட்லி தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்புவார்கள். சேலை செயினில் மாட்டியதால் இரண்டாவது மாதமே சுடிதாருக்கு மாறினாள். கல்யாணத்துக்குப் பின் அவள் சுடிதார் போட்டது அதுதான் முதல் தடவை.

கங்கம்மாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் கத்துவார். “இன்னா மாசானம், பொண்டாட்டிய சர்க்கஸ்ல சேக்கப் போறியா?”

“டிக்கெட் உங்களுக்கு ஃப்ரீக்கா!”

“இருப்பா, எனக்கும் ஒண்ணு கத்துக் குடு. எங்கூட்டுக்காரரு தொரத்திக்கினு வரட்டும்.”

ஊரில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று காந்திமதி ஒருமுறை கேட்டாள். மாசானம் இட்லியை விழுங்கிவிட்டுச் சொன்னான்: “இங்க நம்மள யாருக்குத் தெரியும்? இது வேற நாடுல்லா.”

2004 பிப்ரவரியில் நாள் தள்ளிப்போயிற்று. இரண்டு வருஷம் காத்திருந்து வந்த கர்ப்பம். மாசானம் தன் ஷிப்டில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தான். மூன்றாம் மாதம் தொடங்கிய ஒரு ஞாயிறு காந்திமதி தயங்கினாள்.

“இன்னைக்கு வேண்டாம்ங்க. ஒரு மாதிரி இருக்கு.”

“மெல்லப் போவோம். சும்மா அடஞ்சு கெடந்தா தலைதான் சுத்தும். கோயிலுக்குத்தான போறோம்? நல்ல காத்து வேற.”

மெல்லத்தான் போனார்கள். நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து மீன்குழம்பு வைத்தாள். புதன்கிழமை மத்தியானம் வலி வந்தது. கங்கம்மாள்தான் ஷேர் ஆட்டோ பிடித்து ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாசானம் தொழிற்சாலை உடுப்போடு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டரம்மா இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார். காந்திமதி கேட்பதற்கு முன்பே மாசானம் கேட்டான், “ஞாயித்துக்கிழமை சைக்கிள் ஓட்டினா டாக்டர். அதனாலயா?”

“அதனால இல்லை. கரு ஆரம்பத்துலயே சரியா வளரலை. நீங்க கட்டில்லயே படுத்துக் கிடந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். மனசுல எதையும் வச்சுக்காதீங்க ரெண்டு பேரும்.”

ஆஸ்பத்திரி வாசலில் மாசானம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்தது அதற்கு முன்னால் இல்லை. அந்தக் கையை நம்பி அந்த வாரத்தைத் தாண்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஊருக்குச் சொல்ல வேண்டும். ஊரில் மாசானத்தின் அம்மா மாடத்திக்கு போன் கிடையாது. தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டு வரச் சொல்லி, வைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட வேண்டும். ரோட்டோரம் ஜாஸ்மின் என்ற பெண் நடத்திய எஸ்.டி.டி. பூத்தில் அந்தப் பத்து நிமிஷத்துக்கென்றே ஒரு பெஞ்ச் உண்டு. சனிக்கிழமை இருவரும் போனார்கள். அவன் உள்ளே நின்றான். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. காந்திமதி பெஞ்சில் இருந்தாள்.

மாடத்தியின் அழுகை பெஞ்சு வரைக்கும் கேட்டது. பிறகு அதட்டல். மாசானத்தோடு வேலை பார்க்கும் வனமாமலை பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனபோது சைக்கிள் சங்கதியைச் சொல்லியிருந்தான் போலிருக்கிறது.

“அவ சைக்கிள் ஓட்டுதாளாமே! வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு ஓட்டுனாளால?”

மாசானம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான்.

“நான் எவ்வளவோ சொன்னேம்மா. ஓட்டாத, ஓட்டாதன்னு. கேக்கலயே. நான் ஷிப்டுக்குப் போன நேரம் பாத்து எடுத்துட்டுப் போயிருக்கா.”

சொல்லி முடித்துத் திரும்பியவன், காந்திமதி பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். திறந்துகிடந்த கதவை இழுத்துச் சாத்தினான். அது பழையபடி திறந்துகொண்டது.

அறைக்கு வந்து விளக்கைப் போட்டபின் அவனே ஆரம்பித்தான். “அம்ம அழுதா. சட்டுனு வாயில வந்துட்டு.”

“சரி.”

“டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாதா? உன் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அத்தைக்குத் தெரியணும். நான் திருட்டுத்தனமா போய்ப் பிள்ளையக் கொன்னவளா அவங்க முன்னால போயி நிக்கணுமா? நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க, அதனால ஒண்ணும் ஆகலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்.”

“சொல்லுதேன்.”

இரண்டு வாரம் போயிற்று. ஊரிலிருந்து அவளுடைய அம்மா கடிதம் எழுதினாள். மாடத்தி தெருவில் பேசியது அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ‘உனக்கு எதுக்கு இந்த ஆட்டம்’ என்று ஒரே வரி. மற்றதெல்லாம் உடம்பைப் பார்த்துக்கொள் என்பதுதான். அந்தக் கடிதத்தை மாசானத்தின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பூத்துக்குப் போனான். அரைமணி நேரத்தில் திரும்பினான்.

“லைன் கெடைக்கல.”

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது, பூத்தைத் திறந்துகொண்டிருந்த ஜாஸ்மின் அவளைக் கூப்பிட்டாள்.

“அக்கா, நேத்து உங்க வூட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?”

“ஏன்?”

“மொதோ போன் போட்டாரு. அம்மாவ இட்டாங்கன்னாரு. பெஞ்சுல உக்காந்துக்கினே இருந்தாரு. பத்து நிமிசம் ஆச்சு, லைன் போடட்டுமாண்ணேன்னு கேட்டேன். எழுந்து பூட்டாரு.”

காந்திமதி பால் பாக்கெட்டோடு நின்றாள். மாடத்திக்கு முழங்கால் வலி. தெருமுனைக் கடைக்கு நடந்து வந்து, மகன் பேசுவான் என்று எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்? என்னவோ ஏதோ என்று பதறியிருப்பாள். பாலைப் பெஞ்சில் வைத்துவிட்டு, “ஜாஸ்மின், அந்த நம்பரை எனக்குப் போட்டுக் கொடு” என்றாள்.

பத்து நிமிஷத்தை அவளும் உட்கார்ந்து கழித்தாள். மறுபடி போட்டபோது மாடத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

“யாரு, காந்திமதியா? அவன் நல்லாருக்கானா? நேத்து கூப்பிட்டு விட்டுட்டுப் பேசாமப் போயிட்டானே, ராத்திரி முச்சூடும் ஒறங்கல நான்.”

“நல்லாருக்காங்க அத்தை. நாந்தான் ஒண்ணு சொல்லணும்னு...”

சொன்னாள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். மாடத்தி குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே காந்திமதிக்குத் தைரியம் கொடுத்தது. “அன்னைக்கு நான் ஒத்தையில போகல அத்தை” என்றாள்.

மறுமுனையில் கடைச் சத்தம் கேட்டது. யாரோ கால் கிலோ துவரம்பருப்பு கேட்டார்கள்.

“ஏட்டி, அப்பம் எம்பிள்ளை எங்கிட்ட பொய்யா சொன்னான்?” மாடத்தியின் குரலில் கோபம் இல்லை. பயந்த குரல். “பெத்தவகிட்ட அவன் பொய் சொல்லிட்டாங்கியா?”

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

“இல்ல அத்தை,” என்றாள். “அவங்க சொன்னாங்க. நாந்தான் கேக்கல.”

வீட்டுக்கு வந்தபோது ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த மாசானம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பால் வாங்க இவ்வளவு நேரமா என்று கேட்டான்.

“ஊருக்குப் பேசினேன். நேத்து அத்தை ரொம்ப நேரம் கடையிலயே நின்னாங்களாம்.”

அவன் துண்டால் முகத்தை மூடியபடி அப்படியே நின்றான். அவள் உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அவன் தூங்குவதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். காந்திமதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கங்கம்மாள் குழாயடியிலிருந்து பார்த்தார். “ஒண்டியாவா போற?” என்று மட்டும் கேட்டார்.

ஐந்து அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். மூக்கை உறிஞ்சினால்கூட அடுத்த அறைக்குக் கேட்கும். மதகைத் தாண்டும் வரை பொறுத்துக்கொண்டாள். அதற்குப் பின் ஆள் நடமாட்டம் இல்லை. கிராவலில் ஒரு கையை எடுத்தால் முன்சக்கரம் இழுத்துவிடும். கண்ணைத் துடைக்காமலே மிதித்தாள்.