ஏகாதசி இருந்த மீன்

சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து திரும்பி வீட்டுக்குள் கால் வைத்தபோது, என் மாமியார் மீன் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தொட்டி வந்த நாளிலிருந்து அதைப் பார்க்காமல் அவர் உட்கார்ந்ததில்லை. டிவியைக்கூட அதன் பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னவர்.

"வந்துட்டியா," என்றார். "போய்ப் பாரு. ரெண்டுல ஒண்ணு இல்லை."

பெட்டியைக் கீழே வைக்காமலேயே போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்களில் பெரியது மட்டும் பம்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தது. சின்னதைக் காணோம். தொட்டியின் நடுவில் லயன் மீன், வரிவரியான துடுப்புகளை விசிறி போல விரித்துக்கொண்டு அசையாமல் நின்றது. அதன் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நடித்தேன். "ஃபில்டர் பக்கம் மாட்டிண்டிருக்குமோ என்னவோம்மா," என்றேன். மாமியார் திரும்பவில்லை.

கடலே இல்லாத ஊரில் கடல் மீன் வளர்ப்பது என்னுடைய ஆசை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்திலிருந்தே உண்டு. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்து மாடி வீட்டுக்கு வந்து, வேலையும் நிலைத்தபிறகு வாங்கினேன். வடிகட்டிய தண்ணீரில் உப்புப் பொடியைக் கரைத்து, மீட்டர் வைத்து அளந்து, வாரம் ஒருமுறை வாளி வாளியாக மாற்ற வேண்டும். "காவேரி ஓடற ஊர்ல இவ உப்புத் தண்ணிக்கு அலையறா பாரு," என்று மாமியார் கேலி செய்தார். ஆனால் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்.

"உயிரோட நீந்தறது இருந்துட்டுப் போகட்டும். பெருமாளே எடுத்த அவதாரம். ஆனா செத்தது எதுவும் இந்த வாசப்படி தாண்டப்படாது."

சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு மனதார ஆட்டிய தலைதான். கோமாளி மீன்களுக்குச் சின்ன உருண்டைத் தீனி போதும். அந்த உருண்டை எதில் செய்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் பாக்கெட்டைப் படித்துக் காட்டவில்லை.

அப்புறம்தான் லயன் மீன் மீது கண் விழுந்தது. கடைக்காரர் மழுப்பாமல் சொன்னார். "இது யாரையும் துரத்தாது, சண்டைக்குப் போகாதுங்க. ஆனா அது வாய்க்குள்ள போற சைஸ்ல எது இருந்தாலும் அதுக்குச் சாப்பாடுதான். வயிறு நிறைஞ்சிருந்தாலும் நான் கேரண்டி சொல்ல மாட்டேன்." அப்போது அது என் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. கோமாளிகள் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தன. இதற்குப் போய் இவ்வளவு பயமா என்று நினைத்து வாங்கிக்கொண்டு வந்தேன். தினம் பார்க்கிற கண்ணுக்கு எது வளர்வதும் தெரிவதில்லை. ஒரே வருடத்தில் அது என் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டதும், வாய் அதற்கேற்ப அகன்றதும் எனக்கு உறைக்கவே இல்லை.

உருண்டைத் தீனியை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு இறால் வேண்டும்.

கீழ் வீட்டில் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு டீச்சர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், என் மீது பிரியமுள்ளவர். அவர் ஃப்ரீசரில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் என் லயன் மீனின் இறால் குடியிருந்தது. காலை ஏழு மணிக்கு மாமியார் கோயிலுக்குக் கிளம்புவார். கணவர் அதற்கு முன்பே பொன்மலைக்கு ஷிப்டுக்குப் போயிருப்பார். டீச்சர் டப்பாவோடு மேலே வருவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் இறால் துண்டை எடுத்து நீட்டுவேன். லபக்கென்று வாங்கிக்கொள்ளும். டப்பா கீழே போகும், நான் ஊதுபத்தி ஏற்றுவேன். ஐந்து நிமிஷ வேலை.

மாமியாருக்கோ அந்த மீன்தான் உயிர். "கோமாளிகள் ரெண்டும் சரியான ரௌடி. இது பாரு, எவ்வளவு சாது. யார் வம்புக்கும் போறதில்லை," என்பார். அவர் போடும் தீனியை அது தொடாததையும் கவனித்திருந்தார். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ஏகாதசியன்று பட்டினி கிடந்துகொண்டே, "இதுவும் என்னை மாதிரி ஏகாதசி இருக்குடி," என்று கோயில் சிநேகிதிகளைக் கூட்டிவந்து காட்டுவார். நான் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்ப்பேன்.

குட்டு வெளிப்பட்டால் தொட்டி போய்விடும் என்பது சின்னப் பயம். இந்த மனுஷி இனிமேல் என் கையால் ஒரு வாய் காபி வாங்கிக் குடிப்பாரா என்பதுதான் பெரிய பயம்.

அப்படியிருக்க, அலுவலகத்தில் ஐந்து நாள் பயிற்சிக்கு என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். டீச்சரிடம் மாற்றுச் சாவி கொடுத்துவிட்டுப் போனேன். தினமும் காலை "கொடுத்தாச்சா?" என்று வாட்ஸப்பில் கேட்டேன். தினமும் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. நானும் நிம்மதியாக வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மாமியார் எழுந்தார். எழுந்தவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது முழங்கால் வீங்கியிருந்தது.

"என்னம்மா இது? எப்போலேர்ந்து?"

"நீ கிளம்பின அன்னிக்கே. எல்லார்கிட்டயும் உனக்குச் சொல்ல வேண்டாம்னேன். அங்க போன இடத்துல எதுக்குக் கவலைன்னு."

ஐந்து நாளும் அவர் கோயிலுக்குப் போகவில்லை. ஏழு மணிக்கு வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

படியிறங்கி ஓடினேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்ததுமே கண் கலங்கிவிட்டார். "அஞ்சு நாளும் மேல வந்தேங்க. மாமி ஹால்லயே உக்காந்திருந்தாங்க. கால் எப்படி இருக்குங்கன்னு கேட்டுட்டு, அவங்க குடுத்த காபியையும் குடிச்சிட்டு, டப்பாவை முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அவங்க முன்னாடி எப்படிங்க திறக்கிறது? நாளைக்கு நடக்க ஆரம்பிச்சிருவாங்கன்னே நினைச்சேன்."

"அப்ப அந்தக் கட்டைவிரல்?"

"நீங்க கிளாஸ்ல இருப்பீங்களேன்னு..."

கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? ஆளாளுக்கு அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று பார்த்திருக்கிறார்கள். அதை ஆரம்பித்து வைத்தவள் நான்.

மேலே வந்து மாமியார் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இறால், ஃப்ரீசர், இடுக்கி, ஊதுபத்தி, ஒன்று விடாமல். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"நேத்து சாயங்காலம் என் கண் முன்னாடிதான் நடந்தது," என்றார். "மூணு நாளாவே அது அந்தக் குட்டி பின்னாடியே மெள்ள மெள்ளப் போயிண்டிருந்தது. ரெண்டு பக்கமும் துடுப்பை விரிச்சு, மூலைக்கு மூலை கூடவே. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்காக ஆடிக் காட்டறதுன்னு. நடுவுல ஏகாதசி வேற. நானும் பட்டினி, அதுவும் பட்டினின்னு அதுகிட்ட பேசிண்டிருந்தேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள குட்டியைக் காணோம்."

முதல்முறையாகத் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு நாளா அது பசியில நின்னதைத்தான் நான் அழகுன்னு பார்த்துண்டு உக்காந்திருந்தேனா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செத்துப்போன குட்டியை நினைத்து அழுதிருந்தாலும் தேற்றியிருப்பேன். எழுந்து பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் மாமியார் அடுப்படிக்கு நொண்டிக்கொண்டே வந்து தன் காபியைத் தானே கலந்துகொண்டார். நான் நீட்டிய டம்ளர் மேடையில் ஆறிப்போய் ஆடை படிந்து கிடந்தது. சாயங்காலம் கடைக்குப் போய்க் கண்ணாடித் தடுப்பு ஒன்று வாங்கி வந்து தொட்டியை இரண்டாகப் பிரித்தேன். தனித்துப் போன கோமாளி ஒரு பக்கம், லயன் ஒரு பக்கம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். கோயிலுக்குத்தான் கிளம்பிவிட்டாரோ என்று நான் பின்னாலேயே போனேன். அவர் படிக்கட்டில் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டீச்சர், அந்த டப்பாவை எடுத்துண்டு மேல வாங்கோ."

பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீச்சர் டப்பாவைத் திறந்து பிடித்தார். நான் இடுக்கியால் ஒரு துண்டை நீட்டினேன். லயன் மீன் துடுப்பை விரித்து மெள்ள வந்தது. அந்த நடை எதற்கென்று இப்போது எனக்கும் தெரியும், பார்க்கவே கூசியது. லபக்கென்று வாங்கிக்கொண்டது.

டீச்சர் சத்தமில்லாமல் இறங்கிப் போனார். ஊதுபத்தியைத் தேடினேன், பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டுதா?"

"சாப்பிட்டுதும்மா."

"சரி. கையை நன்னா சோப்புப் போட்டு அலம்பிட்டு, எனக்குக் காபி கலந்துண்டு வா."