கடலுக்குக் கேட்ட பூ

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே டாக்டர் பல்லைப் பிடுங்குவார். மற்ற எல்லாவற்றையும் சுலோசனா பார்த்துக்கொள்வாள். டோக்கன் கொடுப்பது, அழுகிறவர்களை அதட்டுவது, அதட்டியும் அடங்காதவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, வாசலில் இருக்கும் மீன் தொட்டியைக் கழுவுவது. பதினாலு வருஷமாய் அந்தத் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவளுக்கு ஒரு ஆசை முளைத்துவிட்டது. ஒரே ஒரு தடவை மீன் இருக்கிற பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். ஐம்பத்தோரு வயதில் வருகிற ஆசையா இது என்று கேட்காதீர்கள். கேட்டால் அவளுக்குக் கோபம் வரும், எனக்கும் வரும்.

அவள் புருஷன் மாணிக்கவாசகம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். தங்கமான மனுஷர். குரலை உயர்த்த மாட்டார், சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. வேண்டாததையெல்லாம் ஹனூர் மாரியம்மன் சொல்லிவிடுவாள்.

இரண்டு பேருக்கும் ஊர் ஹனூர்ப் பக்கம்தான். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் எதற்கும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். ஒரு காகிதத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி வைத்து மடித்து, நூல் சுற்றி, அம்மன் படத்தின் முன்னால் குலுக்கிப் போடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் பேச்சே இல்லை. மாணிக்கவாசகம் வீட்டில் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு: எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவதும் அவர்தான், மிச்சத்தை ஏரியில் விட்டுவிட்டு வருவதும் அவர்தான்.

முப்பது வருஷத்தில் சுலோசனா ஸ்கூட்டி கற்றுக்கொள்ளக் கேட்டாள், சிவப்பு. தங்கையோடு திருச்செந்தூர் போகக் கேட்டாள்; சிவப்பு. டாக்டரே செலவு செய்து பல் உதவியாளர் படிப்புக்கு அனுப்புகிறேன் என்றபோது மூன்று நாள் விரதம் இருந்து கேட்டாள். அப்போதும் ரத்தச் சிவப்பாய் ஒரு அரளி வந்து கையில் உட்கார்ந்தது. புருஷன்மேல் அவளுக்குக் கோபமில்லை, பாவம், அவர் என்ன செய்வார். அம்மன்மேல்தான் கோபம். அந்த வருஷம் ஆடியில் கூழ் ஊற்றவில்லை. விளக்கு ஏற்றுவாள், ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அப்படி இரண்டு வருஷம் மாமியாரோடு சண்டை போடுவதுபோல் அம்மனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் பெங்களூரிலிருக்கிற மகள் அனுப்ரியா, பெற்றோரின் முப்பதாவது கல்யாண நாளுக்கென்று ஒரு கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். கொச்சியில் ஏற வேண்டும், ஐந்து நாள், மூன்று தீவு. ஒவ்வொரு தீவிலும் இறங்கி எங்கே போவது என்று போனில் இருக்கும் ஆப்பில் முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

"அம்மா, பேகா, சீக்கிரமா முடிவு பண்ணு. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு லாக் ஆயிரும். அப்பறம் மாத்தக்கே ஆகல்ல," என்றாள் மகள், பாதிக் கன்னடத்தில். "ஒரு ரூமுக்கு ஒரே ட்ரிப்தான். நீ ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் போக விடமாட்டாங்க. ஒண்ணுமே செலக்ட் பண்ணலைன்னா அவங்களே எதுலயாவது போட்டுருவாங்க."

முதல் தீவில் பாய்மரப் படகா, கலங்கரை விளக்கமா? பூ கலங்கரை விளக்கத்துக்கு அனுப்பியது. இரண்டாவது தீவில் துடுப்புப் படகா, சந்தையா? பூ சந்தையைக் காட்டியது. தண்ணீர் என்றாலே அம்மனுக்குச் சிவப்புதான். மிச்சமிருந்தது மூன்றாவது தீவு. அங்கே முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் குப்புற மிதந்து மீன் பார்க்கிற ஸ்நார்க்கலிங் ஒன்று. தென்னந்தோப்புச் சுற்றுலா இன்னொன்று. தோப்பில் தேங்காய் உரித்துக் காட்டுவார்களாம், கயிறு திரித்துக் காட்டுவார்களாம். ஹனூரில் தென்னை மரத்தடியில் பிறந்து வளர்ந்தவள் கப்பலேறிப் போய்த் தேங்காய் உரிப்பதைப் பார்த்துக் கை தட்ட வேண்டுமாம்! எதையும் தேர்ந்தெடுக்காதவர்களைக் கப்பல்காரர்கள் அந்தத் தோப்பில்தான் கொண்டுபோய் விடுவார்களாம்.

சுலோசனா பூவுக்குக் காத்திருக்கவில்லை, பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். மகள் கூரியரில் அனுப்பிய கண்ணாடியையும் குழாயையும் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் இருக்கும் நீல டிரம்மில் தலையை விட்டாள். முதல் நாளே எதிர்வீட்டு ரங்கம்மா பார்த்துவிட்டாள். "அய்யய்யோ சுலோசனம்மா, ஏனாயித்து!" என்னாச்சு என்று கன்னடத்தில் அலறிக்கொண்டு மாடியேறி வந்து, இரண்டு காலையும் பிடித்து இழுத்ததில் டிரம் கவிழ்ந்து கீழ்வீட்டு வடகமெல்லாம் நனைந்துபோயிற்று. மறுநாளிலிருந்து ரங்கம்மா மணை போட்டு உட்கார்ந்து, சுலோசனா எத்தனை எண்ணும்வரை தாக்குப் பிடிக்கிறாள் என்று எண்ணிச் சொன்னாள். வியாழக்கிழமை நூற்றுப்பத்து.

வெள்ளிக்கிழமை மாணிக்கவாசகம் சீக்கிரமே வேலையிலிருந்து வந்துவிட்டார். குளித்து, விபூதி பூசி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டினார். ஐந்தேகால் மணிக்கு சுலோசனா கண்ணை மூடிக் கையை நீட்டினாள். பிரித்தாள். சிவப்பு.

"அம்மன் சொல்லிருச்சு புள்ள. நாம என்ன பண்றது," என்றார் அவர். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

வழக்கமாய் மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்புகிறவர், அன்றைக்கு ஆப்பில் தோப்பைத் தேடுகிற அவசரத்தில், "இத நீயே எதாச்சும் தண்ணியில போட்டுரு," என்று அவள் கையில் கொடுத்துவிட்டார். முப்பது வருஷத்தில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

சுலோசனா மாடிக்குப் போனாள். பக்கத்தில் இருக்கிற தண்ணீர் டிரம்தானே, அதில் போட்டாள். இனிமேல் எங்கே தலைவிடப் போகிறோம், கடைசியாய் ஒரு தடவை என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே குனிந்தாள். அழுகை வந்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டும் என்று அடக்கிக்கொண்டு பார்த்தாள். பொட்டலம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. காகிதம் ஊறியது, நூல் தளர்ந்தது, மடிப்பு விரிந்தது. உள்ளிருந்து ஒரு பூ கழன்று, சுழன்று, அவள் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

சிவப்பு அரளி.

தலையை எடுத்தாள். மறுபடி விட்டுப் பார்த்தாள். சிவப்புதான்.

ஈரம் சொட்டச் சொட்ட, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பூவோடு கீழே வந்தாள்.

"ஏனுங்க, ரெண்டும் செவப்புங்க."

மாணிக்கவாசகம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பல்லுப் படிப்பு?"

"...ரெண்டும் செவப்பு."

"ஸ்கூட்டி?"

"அதுவுந்தான்."

"திருச்செந்தூரு?"

"அப்ப மழக்காலம் புள்ள."

சுலோசனா அவரை விட்டுவிட்டு நேரே அம்மன் படத்தின் முன்னால் போய் விழுந்தாள். "தாயே, மன்னிச்சுக்க. வாயில்லாத உன்னைய என்னென்ன பேசிப்போட்டன் பாவி! ஆடிக்குக் கூழுகூட ஊத்தாம வுட்டுட்டனே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, எழுந்து புருஷனிடம் வந்தாள்.

"ஏன் இப்பிடிப் பண்ணுனீங்க?"

"எனக்கு வேண்டாம்னு சொல்ல வராது புள்ள. சொன்னா உம் மூஞ்சி வாடிரும். அத என்னால பாக்க முடியாது."

"அதுக்காவ அம்மனச் சொல்ல வெச்சீங்களாக்கும்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

"இப்ப அம்மன் இல்லீங்க. நீங்க சொல்லுங்க. எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

மாணிக்கவாசகம் எழுந்தார், உட்கார்ந்தார். அனுவை ஒரு வார்த்தை கேட்கலாமா என்றார். டாக்டரைக் கேட்கலாமா என்றார். நாளைக்கு யோசிக்கலாமா என்றார். அவள் நகரவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, "வேண்டாம்," என்றார். "போக வேண்டாம். எனக்குப் பயமா இருக்குது. நீ தண்ணிக்குள்ள தலைய வுட்டு, அப்பறம் எந்திரிக்கலைன்னா நா என்ன பண்ணுவன்?"

சுலோசனாவுக்கு முகம் வாடவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அம்மன் சொன்ன வேண்டாமுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. மனுஷன் சொன்ன வேண்டாமுக்குப் பதில் சொல்லலாம்.

"எனக்கு வேணுமுங்க," என்றாள்.

போனை வாங்கி, ஸ்நார்க்கலிங் என்று இருந்த இடத்தில் ஈரக் கையால் அழுத்தினாள். பிடிக்கவில்லை. புடவையில் விரலைத் துடைத்து மறுபடி அழுத்தினாள். இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஆப்பில் பதிந்திருந்தது மாணிக்கவாசகத்தின் ஆபீஸ் நம்பர் என்பதால், உறுதி செய்யும் ஆறு எண்கள் அவர் சட்டைப்பையில் இருந்த இன்னொரு போனில் வந்து மணியடித்தன.

"நம்பரச் சொல்லுங்க."

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், தோப்பு தானாக வந்துவிடும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"நாலு," என்றார். "ஏழு. ஏழு. சைபர். ரெண்டு."

அதோடு நின்றுவிட்டார். அவள் விரல் போனுக்கு மேலே அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒம்பது," என்றார்.