மஞ்சள் கோடும் மூன்று படியும்

"மேடம், என் வூட்டு வாசல்ல மூணு படி கட்டிக்கினு கீறாங்க. நான் எப்டி ஏறுவேன், நீங்களே சொல்லுங்க."

நாராயணவனத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த அமுதாவின் போன். திருப்பதியில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் பதினெட்டு வருடமாக கம்ப்யூட்டரில், ஆட்டோகேட் மென்பொருளில், வீட்டு பிளான் போடுகிறேன். புகார் சொல்லும் போன்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. இந்த மாதிரி ஒன்று வந்ததில்லை.

அமுதா தையல் வேலை செய்பவர். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலிதான். பிளான் போட வந்தபோது கிச்சன் எங்கே, பூஜை அறை எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. "யாரும் தூக்காம நானே உள்ளாற போவணும். அது ஒண்ணு போதும்" என்றார். பக்கச் சந்தில் முப்பது அடி நீளத்துக்குச் சரிவுப் பாதை போட்டேன். பிளானில் படியே கிடையாது.

அப்புறம் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். சைட்டில் யாரும் ஆட்டோகேட் ஃபைலைத் திறப்பதில்லை. ஜேபிஜி படமாக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் சுவர் எழுப்புவார். வழக்கமாக எல்லாக் கோடும் கறுப்பாக விழும்படி மாற்றுவேன். அன்று, அமுதா பார்த்தால் சந்தோஷப்படுவாரே என்று கலரில் மாற்றினேன். அங்கே டவர் சரியாக எடுக்காது என்று சைஸையும் நூறு கேபிக்கு அமுக்கினேன்.

சரிவுப் பாதை இருந்தது மஞ்சள் லேயரில், அதாவது அதன் கோடுகள் எல்லாம் மஞ்சள். ஆட்டோகேடின் கறுப்புத் திரையில் மஞ்சள் பளிச்சென்று தெரியும். வெள்ளைப் பின்னணியில், அதுவும் அமுக்கிய படத்தில், மெல்லிய மஞ்சள் கோடு சோற்றில் விட்ட நெய் மாதிரி மறைந்துவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்தும் கோட்டை விட்டேன். அதுதான் எனக்கு ஆத்திரம்.

முதலாளியிடம் சொன்னேன். "மேஸ்திரி தப்பனி செப்பேய் அம்மா, நமக்கெதுக்கு" என்று பாதித் தெலுங்கில் பழியை மேஸ்திரி தலையில் கட்டச் சொன்னார். நாராயணவனத்துக்குப் பஸ் ஏறினேன்.

சைட்டில் மேஸ்திரி கன்னியப்பன் தன் போனை நீட்டினார். "பெருசாக்கிப் பாத்துக்கினுதாம்மா கட்டறேன். இதுல சரிவு எங்க கீது? வாசல்னா படி வைக்கிறதுதான வழக்கம். பின்னால டேங்குக்குத் தோண்டினா ஒரே பாறை. இந்தச் சந்து சும்மாதான கீதுன்னு, நாளைக்கி இங்க செப்டிக் டேங்குக்குத் தோண்டப் போறோம்."

அங்கே தோண்டிவிட்டால் சரிவுக்கு இடமே இல்லை. அமுதா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி மேல தப்பில்ல, அமுதா. படத்த மாத்தறப்ப நான்தான் கோட்டத் தொலைச்சிட்டேன்" என்றேன். வெட்கமாக இருந்தது.

அவர் நாற்காலியைச் சந்துப் பக்கம் திருப்பினார். "தோண்டறதுக்குள்ள வந்துட்டீங்களே. இப்ப இன்னா பண்ணணும், அதச் சொல்லுங்க" என்றார்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். செப்டிக் டேங்கை முன்பக்கம் தள்ளினேன். எல்லாக் கோட்டையும் கறுப்பாக்கி, சரிவின் கோட்டைத் தடிமனாக்கி, அதிகம் அமுக்காமல் அனுப்பினேன். மேஸ்திரி வெயிலில் நின்று பார்த்தார். "இப்ப சுத்தமாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் படியை இடிக்க ஆள் கூப்பிட்டார்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படம் உங்கள் திரையில் அழகாக இருந்து பயனில்லை. அதை உங்கள் போனுக்கே ஒருமுறை அனுப்பி, வெயிலில் நின்று, கோடு கோடாகப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்றால் உடனே போய்ச் சொல்லுங்கள். சிமெண்ட் காய்ந்த பிறகு சொல்லி என்ன ஆகப் போகிறது?

கிரகப்பிரவேசத்தன்று பசுமாடு தயங்காமல் சரிவில் ஏறியது. கன்னியப்பனுக்கு ஒரே பெருமை. அடுத்து அமுதா. பழக்க தோஷத்தில் நான் நாற்காலியின் கைப்பிடியைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"வுடுங்க மேடம்" என்றார்.

விட்டுவிட்டேன். முப்பது அடியையும் அவரே உருட்டி ஏறினார்.