சேற்றுச் சைக்கிளைப் பிடிப்பவள்

மாக்டெல்டுக்குச் சேற்றில் சைக்கிள் பந்தயம் ஓட்டுவதுதான் பிழைப்பு. செவ்வாய்க்கிழமைகளில் ஓஸ்டெண்ட் கடற்கரை மணலில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க ஓடுவாள். வியாழனன்று கொல்லையில் நட்ட பலகைகளைத் தாண்டிக் குதிப்பாள். ஞாயிறு பந்தயம். அன்று மழை பெய்யாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றிலும் சேறு அப்பிய சைக்கிளை விட்டுவிட்டு, கழுவிய இன்னொன்றில் ஏறிப் போக வேண்டும். கழுவியதைக் கணவன் வான்னஸ் நீட்டுவான். அழுக்கானதைப் பிடிப்பவள் அம்மா. பத்து வருடமாக மாக்டெல்ட் திரும்பிப் பார்த்ததே இல்லை. அவள் விடுவாள், அம்மா பிடிப்பாள்.

அந்த ஞாயிறு அம்மாவுக்கு நல்ல காய்ச்சல். "படுக்கையை விட்டு எழுந்திரிச்ச, பாரு!" என்று மிரட்டிவிட்டுத்தான் மாக்டெல்ட் வந்திருந்தாள்.

"நான் ஒத்த ஆளு. வேலியில சாத்திட்டு வந்து ஏறு" என்று வான்னஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

முதல் மூன்று சுற்றும் ஒழுங்காகச் சாத்தினாள். நான்காவதில் கண்ணெல்லாம் சேறு. பழக்கதோஷத்தில் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டாள். விட்ட பிறகுதான் உறைத்தது. அது விழும் சத்தத்துக்குக் காதைத் தீட்டினாள். சத்தமே வரவில்லை.

திரும்பினாள். இரவு உடைக்கு மேல் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக அம்மா, சைக்கிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உன்னை யாரும்மா வரச் சொன்னா?"

"பத்து வருஷமா திரும்பிப் பார்க்காதவ, இன்னைக்கு என்னடி புதுசா? ஓடு!"