சாளை அவியலும் இரண்டாவது சட்டியும்

இன்று மாலை ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிறவன், "சேச்சி, ஒராளுக்கு இது மதியல்லோ?" என்று கேட்டுக்கொண்டே ஆறு சாளையைப் பையில் போட்டுவிட்டான். ஒரு ஆளுக்குப் போதுமாம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம், மகள் துபாயில். மீன்காரன் வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சுருக்கென்றது.

எனக்கு மட்டும்தானே என்று பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சட்டியில் முருங்கைக்காயும் மாங்காயும் போட்டு, மேலே மீனை அடுக்கி, தேங்காய் அரைப்பை வழித்துவிட்டு மூடினால் தீர்ந்தது வேலை. இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றினேன் பாருங்கள், அந்த வாசத்தில் ஸ்டெல்லா வந்து நின்றுவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால், திருவனந்தபுரத்துத் தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஒரே ஆபீஸில் வேலை பார்த்த இரண்டு பெண்கள், ஒரு ஸ்டவ், ஒரு சட்டி. அவள் மார்த்தாண்டத்துக்காரி. நான் திருநெல்வேலியில் முட்டைகூடப் படியேறாத வீட்டுப் பெண். வந்த முதல் வாரம், "ஏட்டி, அவியல் வச்சிருக்கேன், திங்கியா?" என்றாள். எங்களுக்கு அவியல் என்றால் கல்யாணப் பந்தியில் விழும் காய்கறி. ஆசையாக உட்கார்ந்தேன். இரண்டாவது வாயில் தட்டுப்பட்டது. "ஸ்டெல்லா, காயில முள்ளு இருக்கு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அவர்கள் ஊரில் சாளையிலும் அவியல் வைப்பார்களாம். நான் ஓடிப்போய்த் துப்பியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்வதற்கென்ன, மூன்றாவது வாயும் எடுத்தேன்.

அப்புறம் வாரத்தில் மூன்று நாள் அந்தச் சட்டிதான். "மேல உள்ளது எனக்கு, அடியில உள்ளது ஒனக்கு" என்று பாகம் பிரிப்பாள். பிரித்தபடி யார் சாப்பிட்டார்கள்!

ஒரு சாயங்காலம் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சட்டியை மூடியிருந்தோம், வாசத்தை எப்படி மூடுவது? "என்னம்மா வாடை இது?" என்றார்.

"அவியலு, மாமா" என்றாள் ஸ்டெல்லா, வெள்ளந்தியாக.

வேலையை விடச் சொல்லி ஊருக்கு இழுத்துப்போய்விடுவாரோ என்று எனக்கு உயிரே போனது. "அது அவ சட்டிப்பா. நான் அதைத் தொடக்கூட மாட்டேன். வெளியிலதான் சாப்பிடுதேன்" என்றேன். தொடக்கூட மாட்டேன் என்று ஏன் சொன்னேனோ. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவள் நல்லா நாலு ஏச்சு ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். மறுநாள் சாலைக் கடைத்தெருவில் ஒரு புதுச் சட்டி வாங்கி வந்து என் பக்கமாக வைத்தாள்.

"இது ஒனக்கு. இனி கலக்காண்டாம்."

குரலில் கோபமே இல்லை. மன்னிப்புக் கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வெட்கமோ திமிரோ, என்ன எழவோ. ஆறு மாதம் ஒரே ஸ்டவ்வில் முறைவைத்துச் சமைத்து, தனித்தனியாகச் சாப்பிட்டோம். பிறகு அவளுக்கு மாற்றல் வந்தது. ஒரு கடிதம்கூட நான் போடவில்லை.

அந்த மாடி இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. அப்பா போய்ப் பல வருஷமாகிறது. போன வாரம் பழைய ஆபீஸ்காரி ஒருத்தி போன் செய்து, ஸ்டெல்லா தவறிப்போனதைச் சொன்னாள். "உங்களுக்கு அவங்களோட நல்ல பழக்கம் உண்டோ?" என்று கேட்டாள்.

"ஒரே சட்டியில சாப்பிட்டோம்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டிருக்க வேண்டிய இரண்டு பேரும் இல்லை.