மூணாம் நம்பர் கவுண்ட்டர்

மெயின் ரோட்டுத் தள்ளுபடிக் கடையில் பில் போடும் அந்தப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று உண்டு. சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் கொட்டை எழுத்தில் அது இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? நிற்பது மூன்றாவது கவுண்ட்டரில், அதனால் எல்லோருக்கும் அவள் மூணாம் நம்பர் அக்கா. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அவள் புருஷன்கூட, அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், “என்ன மூணாம் நம்பர், இன்னிக்கு சிவப்பு லைட்டா?” என்பான். அங்கே ஒவ்வொரு கவுண்ட்டருக்கு மேலும் ஒரு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் வரிசை நகர்கிறது என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் ஏதோ சிக்கல், மேனேஜர் வந்து சாவி போட்டால்தான் மேலே போகும்.

நின்றுகொண்டே செய்யும் வேலை. உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லையாம், யாரோ ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். கை பாட்டுக்குப் பொருளை எடுக்கும், கோடு இருக்கிற பக்கம் திருப்பும், ஸ்கேனர் கண்ணாடி மேல் இழுக்கும், தள்ளும். வாய் பாட்டுக்குப் பேசும். “வாங்க, மெம்பர் கார்டு இருக்குங்களா? பை வேணுங்களா? நன்றி, மறுபடி வாங்க.” இதில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டாலும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று ஆரம்பத்தில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அப்புறம் பயம் போய்விட்டது, வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது. ஒரு தடவை வீட்டில் புருஷனுக்குத் தட்டில் பழத்தை வைத்துவிட்டு “பை வேணுங்களா” என்று கேட்டுவிட்டாள். அவன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான், பாவி.

கூடையைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவாள். திடீரென்று பூனைத் தீனி வாங்கினால் புதுப் பூனை. பெரிய பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தவர் சின்னதுக்கு இறங்கினால் பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போயாச்சு. இதையெல்லாம் யாரிடமும் சொல்ல மாட்டாள், அவளுக்கு எதற்கு வம்பு.

கடை ஊழியருக்குத் தனி விலை உண்டு. பிடித்துக்கொண்டாள் அதை. அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் துணி துவைக்கிற பவுடர், அலமாரிக்கு மேல் கை துடைக்கிற பேப்பர் சுருள், சமையல் மேடைக்குக் கீழே எண்ணெய், சோப்பு, உப்பு, டப்பா டப்பாவாக. வெள்ளம் வந்து தெரு மூழ்கினாலும் அந்த வீட்டில் பல் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள். புருஷன் முணுமுணுப்பான். “கடைக்குள்ள வீடு கட்டியிருக்கோமா, வீட்டுக்குள்ள கடை கட்டியிருக்கோமா?” அவளுக்கு அது பெருமைதான்.

எல்லாம் இருந்தும் அவளுக்கு ஒரு குறை. நாத்தனார் பேசுவதில்லை.

நாத்தனார் என்றால் புருஷனுக்கு மூத்த அக்கா. அதே தெருவின் முனையில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறாள். ஷட்டரைத் தூக்கினால் உள்ளே இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசாமல் நிற்க முடியாது. முட்டை உடைந்து போச்சா, ரொட்டி தீர்ந்து போச்சா, பிள்ளை பென்சிலைத் தொலைத்துவிட்டதா, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வரலாம். இவள் கல்யாணமாகி வந்த புதிதில், சாமான் வாங்கப் போகிற சாக்கில் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வாங்கப் போனதை மறந்துவிட்டுத் திரும்பி வந்த நாளெல்லாம் உண்டு. அம்மா வீடு தூரம். கிட்டத்தில் இருந்த அம்மா இந்த நாத்தனார்தான். அதனால்தான் அந்தக் குறை இவ்வளவு உறுத்தியது.

மெயின் ரோட்டில் தள்ளுபடிக் கடை திறந்தார்கள். ஆள் எடுக்கிறார்கள் என்றதும் இவள் போய்ச் சேர்ந்தாள். புருஷனுக்கு அப்போது வேலை சரியாக இல்லை, வேறு வழியும் இல்லை. நாத்தனாரிடம் போய்ச் சொன்னாள். “அண்ணி, அந்தக் கடையில பில் போட கூப்பிட்டிருக்காங்க.” நாத்தனார் உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தாள். “ம்” என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு ‘ம்’மை இவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரியெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அண்ணிக்குக் கோபம் என்று முடிவு கட்டினாள். எதிரிக் கடையில் வேலைக்குப் போகிறவள் எந்த முகத்தோடு அந்தக் கடைப் படி ஏறுவாள்? ஏறவில்லை.

வேலை முடிந்து வரும்போது கையில் கடைப்பை இருக்கும். பெரிய சிவப்பு எழுத்தில் பெயர் போட்ட பை. அதை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பி, தெருமுனை வந்ததும் எதிர்ச் சாரிக்கு மாறி, தலையைக் குனிந்துகொண்டு விறுவிறு என்று நடந்துவிடுவாள். அண்ணி மனசு நோகக்கூடாது என்றுதான். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது?

வீட்டு விசேஷங்களில் பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நாத்தனார் தம்பியிடம் சொல்வாள், “அவ சாப்பிட்டாளான்னு கேளுடா.” இவள் அவன் பக்கம் திரும்பி, “சாப்பிட்டேன்னு சொல்லுங்க” என்பாள். நடுவில் அவன் தபால்காரன் மாதிரி. “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?” என்று ஒரு நாள் எரிந்து விழுந்தான். இப்படியே வருஷங்கள் ஓடின.

அப்புறம் சர்க்கரை வந்தது.

தள்ளுபடிக் கடையில் அவ்வப்போது ஒரு பொருளை வாங்கின விலைக்கும் கீழே விற்பார்கள். அதற்காக வருகிற கூட்டம் வேறு நாலு பொருளையும் அள்ளிக்கொண்டு போகும் என்று கணக்கு. இந்தத் தடவை சர்க்கரை. மொத்த வியாபாரியிடம் போனால்கூட அந்த விலைக்குக் கிடைக்காது. அதனால் சுற்று வட்டாரத்துச் சின்னக் கடைக்காரர்களெல்லாம் கமுக்கமாக வந்து வாங்கிக்கொண்டு போய், தங்கள் கடையில் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். மேலிடத்துக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஆளுக்கு இரண்டு பாக்கெட், கடைக்காரர்களுக்குக் கிடையவே கிடையாது என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

நாத்தனார் வீட்டுக்காரரும் அப்படி வந்து போகிற ஆள்தான். தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் கவுண்ட்டரில் நிற்பார். மூணாம் நம்பர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள். அந்த வாரம் பார்த்து மனிதர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

மத்தியானம், சாப்பாட்டு நேரம். மற்ற கவுண்ட்டர்களை மூடிவிட்டார்கள், மூன்று மட்டும் திறந்திருந்தது. வரிசை பால் ஃப்ரிட்ஜ் வரைக்கும் போயிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையையும் பொருளையும்தான் பார்ப்பாள். கூடை ஒன்று வந்தது.

“வாங்க, மெம்பர் கார்டு இருக்குங்களா?”

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. “இல்ல.”

“பை வேணுங்களா?”

“கொண்டாந்திருக்கேன்.”

குரல் காதில் ஏறி, மண்டைக்குள் போய்ச் சேர்வதற்குள் கை இரண்டு சர்க்கரைப் பாக்கெட்டை இழுத்துத் தள்ளிவிட்டது. நிமிர்ந்தாள். நாத்தனார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான், மெம்பர் கார்டும் பையும். இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதறிப்போய் மூன்றாவது பாக்கெட்டையும் இழுத்துவிட்டாள். தலைக்கு மேல் சிவப்பு எரிந்தது.

மேனேஜர் வந்தார். சின்ன வயசு, பெரிய டை. கூடையைப் பார்த்தார், இன்னும் மூன்று பாக்கெட் உள்ளே.

“மேடம், ஆளுக்கு ரெண்டுதான். வாசல்ல எழுதியிருக்கோமே.”

“பார்த்தேன்” என்றாள் நாத்தனார்.

பின்னால் ஒரு ஆள், “எல்லாரும் ரெண்டு ரெண்டுதானே வாங்குறோம், இவங்க மட்டும் என்ன?” என்று ஆரம்பித்தான். மேனேஜர் நாத்தனாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூணாம் நம்பரிடம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில், “கடைக்காரங்களா? உங்க ஏரியா ஆளா தெரியுது. உங்களுக்குத் தெரியுமா இவங்கள?” என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பாக்கெட்டுக்குப் பில் போட்டு, மீதியை ஒதுக்கி, நன்றி மறுபடி வாங்க என்று அனுப்பியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. கடைக்காரி என்று சொன்னால் இரண்டும் கிடைக்காது, அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். நாத்தனார் இவளைப் பார்க்கவில்லை. சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுக்காரரோட அக்கா, சார்” என்றாள் மூணாம் நம்பர். “எனக்கு அண்ணி.”

கடை சமாச்சாரத்தை முழுங்கிவிட்டாள். ஆனால் சொன்னதே போதுமானதாக இருந்தது. மேனேஜர் முகம் மாறியது. “சொந்தக்காரங்களா? சொந்தக்காரங்களுக்கு நீங்க பில் போடக்கூடாதுன்னு தெரியாதா? எத்தனை தடவை சொல்றது? நகருங்க.” அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி, சாவி போட்டு, தானே பில் போட்டார். இரண்டு பாக்கெட். அவருக்குக் கோடு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, பாக்கெட்டைக் குழந்தையைப் புரட்டுவதுபோலப் புரட்டினார். அவ்வளவு நேரமும் இவள் கையைக் கட்டிக்கொண்டு, வரிசை முழுக்க வேடிக்கை பார்க்க, ஓரமாக நின்றாள். நாத்தனார் பணத்தைக் கொடுத்தாள், சர்க்கரையைப் பைக்குள் போட்டாள், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இவளுக்கு அழுகை வந்தது. வரிசை இருந்ததால் அழவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் தன் பங்குக்கு இரண்டு பாக்கெட் சர்க்கரை வாங்கினாள். இன்றைக்குப் பையைத் திருப்பவில்லை, எதிர்ச் சாரிக்கும் மாறவில்லை. நேராகப் போய் நாத்தனார் கடைப் படியேறி, சர்க்கரையை மேஜைமேல் வைத்தாள்.

“அண்ணி, இது நீங்க வச்சுக்கங்க.”

நாத்தனார் பாக்கெட்டுகளைப் பார்த்தாள். ஒரு விரலால் திரும்ப அவள் பக்கமே தள்ளினாள்.

“உன்கிட்ட சரக்கு கேட்டேனா?”

“இல்ல அண்ணி, மத்தியானம் நான்… உங்களுக்கு என் மேல கோபம்னு தெரியும். நான் அந்தக் கடையில வேலைக்குப் போனது…”

“போனா என்ன?” நாத்தனார் குரல் உயர்ந்தது. “அது சோறு போடுற வேலை. போகாதேன்னு நான் சொன்னேனா? உன் வாயால கேளு, சொன்னேனா?”

“இல்ல. ‘ம்’முனு சொன்னீங்க.”

“கிழங்கு நிறுத்துக்கிட்டு இருக்கும்போது வேற என்னத்தச் சொல்றது, பாட்டா பாட முடியும்?” மேஜைமேல் கிடந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தாள். “வேலைக்குப் போ. எங்க வேணா போ. ஆனா இந்த வாசல் வழியாத்தானே தினம் போற, வர்ற? ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ள வந்து எதையாவது வாங்கினியா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போற. என் கடை உனக்கு அவ்வளவு அசிங்கமாப் போச்சா? தெருவுல இருக்கிறவங்க என்னைக் கேக்குறாங்க, உன் தம்பி பொண்டாட்டியே உன்கிட்ட வாங்குறதில்லையேன்னு. நான் என்ன பதில் சொல்லுவேன்?”

மூணாம் நம்பரின் முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை வருஷம் பையைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள்! அண்ணி நோகக்கூடாது என்று அவள் செய்த காரியம்தான் தினமும் சாயங்காலம் அண்ணியை நோகடித்திருக்கிறது. அப்படி இல்லை அண்ணி என்று சொல்ல வாயெடுத்தாள்.

சின்னப் பெண் ஒருத்தி வந்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். நாத்தனார் சில்லறையைக் கொடுத்துவிட்டு, இன்னும் நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் இரக்கமும் காட்டவில்லை.

“என்ன வேணும்?” என்றாள், எந்த வாடிக்கையாளரையும் கேட்பதுபோல.

இவள் அலமாரிகளைப் பார்த்தாள். எண்ணெய், வீட்டில் இருக்கிறது. டீத்தூள், இருக்கிறது. பவுடர், உப்பு, சோப்பு, பல்பசை, எல்லாம் இருக்கிறது. ஒன்று விடாமல் இருக்கிறது. ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கண்ணை ஓட்டினாள். இத்தனை பொருள் அடுக்கிய கடையில் அவளுக்கு வேண்டியது ஒன்றுகூட இல்லை. தன் வீட்டை நினைத்து அவளுக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

“மெழுகுவத்தி ஒண்ணு குடுங்க.”

“கரண்ட்தான் இருக்கே.”

“போகும் அண்ணி. எப்பவாவது போகும்ல.”

நாத்தனார் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, பழைய பேப்பரில் சுற்றினாள். பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டாள். ஒரு பைசா குறைக்கவில்லை, குறைத்திருந்தால் இவள் உடைந்து போயிருப்பாள்.

“தீப்பெட்டி?”

“அத நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

“சரி” என்றாள் நாத்தனார். “சீக்கிரமே வா, காலையில கூட்டம் இருக்காது.”